காக்காய்க்குப் போட வேண்டிய தோசை

துரு எப்படி வந்தது என்று அக்கா யாரிடமும் கேட்டதில்லை.

துருப்பிடித்த தோசைக்கல்லையும் பணியாரக் கல்லையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் கையோடு ஒரு காரணத்தையும் கொண்டுவருவார்கள். மருமகள் சோப்புப் போட்டுக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவிட்டாள். பத்து நாள் ஊருக்குப் போயிருந்தோம், வீட்டில் ஓதம் ஏறிவிட்டது. வேலைக்கு வந்த பெண் கம்பிநாரைப் போட்டுச் சுரண்டிவிட்டாள். அக்கா ஒன்றையும் காதில் வாங்க மாட்டாள். "ஆரு செஞ்சான்னு கல்லுக்குத் தெரியுமா? அங்கன வச்சிட்டுப் போங்க. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிடுங்க" என்பாள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்காகவே கல்லைச் சுமந்துகொண்டு வந்தவர்களும் அதில் உண்டு.

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வளவு. ஒரு நீள முற்றம், இரண்டு பக்கமும் மூன்று மூன்று வீடு, நடுவில் எல்லோருக்குமாக ஒரு அடிபம்பு. எங்கள் வீட்டுக்கு ஒட்டின வீடு அக்காவுடையது. அவள் என் அம்மாவை மதினி என்று கூப்பிடுவாள். அப்படிப் பார்த்தால் எனக்கு அவள் அத்தை முறை. ஆனால் வளவில் அறுபது வயதுக்காரர்கள் முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் வரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முறை எங்கேயோ இடித்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் விடுதிக்கு ஆள் மாற்றிவிட்டு, ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவாள். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்குக் காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை தோசை ஊற்றிக்கொண்டே இருப்பாள். அந்த மாதங்களில்தான் ஊரில் துருவும் அதிகம். சாரல் விழத் தொடங்கிவிட்டால் இரும்பு என்று பெயர் வைத்த எதையும் ஈரத்தோடு விட முடியாது. காலையில் பார்த்தால் கல்லின்மேல் மஞ்சள்பொடி தூவினமாதிரி பூத்திருக்கும். மூன்று மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, யார் யார் வீட்டுக் கல்லையோ மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

முதலில் வெறுங்கல்லை அடுப்பில் வைத்து லேசாகச் சூடு காட்டுவாள். ஆறினதும் கல்லுப்பைக் கொட்டி, எலுமிச்சம்பழ மூடியால் அழுத்தித் தேய்ப்பாள். ஊறுகாய்க்கென்று புளியங்குடியிலிருந்து விடுதிக்கு மூட்டையில் பழம் வரும். அதில் தோல் வெடித்தது, நசுங்கினது எல்லாம் அக்காவுக்கு. அதற்கும் அசையாத துருவுக்குச் செங்கல் துண்டு. கர் கர் என்று அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். நான் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். பிறகு கல்லை வடித்த கஞ்சியில் ஒரு நாள் ஊறப்போட்டு, தேங்காய்நாரால் கழுவித் துடைத்து, ஈரம் போக மறுபடி சூடு காட்டி, நல்லெண்ணெய் தடவுவாள். தடவின கையோடு துணியால் துடைத்தும் எடுத்துவிடுவாள்.

"துடைக்கிறதுக்கு எதுக்குக்கா தடவணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிச்சம் இருந்தா பிசுபிசுன்னு ஒட்டும் பிள்ள. இருக்கான்னு தெரியாத மாதிரி இருக்கணும்."

புகை வரும்வரை காயவிட்டு, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். இப்படி நாலைந்து தடவை. அதற்குப் பிறகு வெங்காயத்தை வதக்கிக் கொட்டுவாள். கடைசியாகத் தோசை. அந்த முதல் தோசையை மட்டும் யாருக்கும் தர மாட்டாள். பார்க்க நன்றாகத்தான் வந்திருக்கும், ஓரத்தில் ஒரு பழுப்பு நிறம் இருக்கும், அவ்வளவுதான். பசியோடு நான் கையை நீட்டினாலும் தட்டிவிடுவாள். "சீ, விடு. இது மனுசன் திங்கிற தோசை இல்ல. துரு வாடை அடிக்கும்." மதில்மேல் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிடுவாள். எங்கள் வளவு மதிலில் காக்காய்கள் வியாழக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன என்று நான் கேலி செய்வேன்.

அவளுடைய சொந்தக் கல்லை நான் உடைத்திருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த வருடம். அவள் விடுதிக்குப் போன நேரத்தில் அவள் அடுப்பில் எனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொண்டேன். தோழிகள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள் என்று, அவசரத்தில் காய்கிற கல்லில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வார்ப்பு இரும்பு அதைத் தாங்காது. டணார் என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு கோடு. இரண்டு துண்டையும் சேர்த்து, உடையாதது மாதிரி அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்தாள், பார்த்தாள். துண்டுகளைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். என்னிடம் வந்து, "காப்பி குடிக்கியா பிள்ள?" என்றாள். அவ்வளவுதான். ஒரு வாரம் நான் பயந்துகொண்டே திரிந்தேன். அம்மாவிடம் சொல்வாளோ, எப்போது கேட்பாளோ என்று. கேட்கவே இல்லை. ரெண்டு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் அன்றிலிருந்தே அவளுடைய இந்தக் குணத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அவள் புருஷன் விஷயத்திலும் இதேதான். அவர் புளியறை செக்போஸ்ட் வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டினவர். ஒரு தடவை போன லாரி திரும்பி வந்தது, வேறு டிரைவரோடு. புனலூர்ப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. அக்கா தாலியைக் கழற்றவும் இல்லை, தேடிக்கொண்டு போகவும் இல்லை. பதினோரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அந்த மனுஷர் வளவுக்குள் நுழைந்தார். தலை நரைத்து, சட்டைக் காலர் கிழிந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மற்ற ஐந்து வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தது. இன்றைக்கு அக்கா வாயைத் திறப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறு தோசை ஊற்றினாள். அவர் நடுவில், "நான் என்ன பண்ணினேன்னா..." என்று ஆரம்பித்தார். "சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். "ஆறிப்போவும், சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, செங்கோட்டை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏட்டி, உனக்கு வாய் என்ன அவிஞ்சா போச்சு? ஏன் இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அக்கா கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கேட்டா சொல்லிருவாக மதினி. சொல்லிட்டு அவுக லேசாப் போயிருவாக. பொறவு அதையும் நான்லா வச்சிக்கிட்டு இருக்கணும்."

அப்போது எனக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது.

என் கல்யாணம் பேசி முடித்ததும் அக்கா செங்கோட்டையில் போய் ஒரு வார்ப்புத் தோசைக்கல் வாங்கிவந்தாள். அந்த வருடச் சீசன் முழுவதும் ஐந்தருவிக் கடையில் அதில்தான் தோசை ஊற்றினாள். முதலாளி வேறு நல்ல பெரிய கல் கொடுத்தும் வேண்டாம் என்றாளாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கறுகறுவென்று முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. அதுவரை அவள் யாருக்கும் எதுவும் பரிசாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"குளிச்சிட்டுப் பசியோட வந்த சனம் தின்ன தோசையெல்லாம் இதுல இருக்கு. முத நாளே ஒட்டாம வரும் பாரு" என்றாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். புகுந்த வீட்டில் முதல் நாள் நான் அவமானப்படக் கூடாது என்பதற்காக மூன்று மாதம் நின்றிருக்கிறாள்.

அவள் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். "இரும்பைச் சீரோட சேக்கப்பிடாது. சனியைக் கையோட கூட்டிக்கிட்டுப் போற மாதிரி." நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு இரும்பு கொடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அக்காவுக்கு அது தெரியாமல் இருக்காது, என்மேல் இருந்த பிரியத்தில் அவளுக்கு அது தோன்றாமல் போயிருக்கும். ஆனால் அம்மா சொன்னது பாதிக் காரணம். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் கை தொட்டுப் பழக்கின கல் என்பது மீதிப் பாதி. அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பாள். எனக்கு அன்றைக்கு முகூர்த்தப் புடவையின் ரவிக்கை கை இறுக்கமாக இருந்ததுதான் பெரிய கவலை. கல் பரணுக்குப் போனது. நான் கோயம்புத்தூருக்குப் போனேன், பித்தளையும் எவர்சில்வரும் பின்னாலேயே வந்தன.

பத்தாவது நாள் அக்கா போன் பண்ணினாள்.

"கல்லு எப்படிட்டி இருக்கு?"

யாரிடமும் எதையும் கேட்காதவள் என்னிடம் கேட்டாள். நான், "சூப்பரா இருக்குக்கா. தோசை பேப்பர் மாதிரி வருது" என்றேன். தயங்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் அந்தக் கேள்வி உண்டு. வருடத்தின் முதல் சாரல் விழுந்த அன்று தவறாமல் பண்ணுவாள். "இங்கன சாரல் விழுந்துட்டு. அங்கன எப்படி? கல்லைத் துடைச்சு வையி பிள்ள." நானும் பொய்யை வளர்த்துக்கொண்டே போனேன். மாமியார் அந்தக் கல்லைத் தவிர வேறு கல்லைத் தொடுவதில்லை என்றேன். என் மகள் அந்தக் கல் தோசை என்றால்தான் தின்கிறாள் என்றேன். ஒரு தடவை அம்மாவின் போனுக்குத் தோசைப் படம்கூட அனுப்பினேன், அக்காவிடம் காட்டச் சொல்லி. நான்ஸ்டிக் கல்லில் ஊற்றின தோசை. பொத்தல் இல்லாமல் மெழுகினது மாதிரி ஒரே நிறத்தில் இருக்கும். வார்ப்புக் கல்லில் எந்தத் தோசையும் அப்படி வராது. முப்பது வருடம் தோசை ஊற்றினவளுக்கு அது தெரியாதா என்று எனக்குத் தோன்றவே இல்லை. "நல்லா வந்திருக்குன்னு சொன்னா" என்றாள் அம்மா.

ஊருக்கு வந்தபோதெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிள்ளை கையில், பை தோளில், கல்லோ பாறை மாதிரி கனம், அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன். அதைவிட உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

பதினாலு வருடம் இப்படி ஓடியது. போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை செய்து, அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடி மாதத் தொடக்கத்தில் போன் வந்தது. குரல் அடியில் போயிருந்தது.

"அடுத்த வாரம் வருதியாமே. மதினி சொன்னா. வரும்போது அந்தக் கல்லைக் கொண்டாருவியா? அதுல ஒரு தோசை திங்கணும் போல இருக்கு."

"கண்டிப்பா கொண்டாரேன்க்கா."

போனை வைத்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே பொருள் அவள் கட்டிலிலிருந்து இருபதடி தூரத்தில், எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது.

தென்காசிக்கு வந்ததும் முதல் வேலையாக ஏணி போட்டு ஏறினேன். கல் ஒரு பாலிதீன் கவருக்குள் கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே செய்தித்தாள், அதற்குள் அதே வேட்டித் துணி, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய். பதினாலு வருடத்துக்கு முன் ஏற்றின கல்லில் இரண்டு வருடத்துக்கு முந்தின செய்தித்தாள் எப்படி வந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கல்லைப் பார்த்த அதிர்ச்சியில் இருந்தேன். கவருக்குள் வேர்த்து வேர்த்து, ஓரமெல்லாம் செதில் செதிலாக, நடுவில் செங்காவி அப்பினது மாதிரி துரு. தொட்ட விரல் சிவந்தது.

வளவில் வைத்துத் தேய்த்தால் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். அந்தச் சத்தம் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால் கல்லைச் சாக்கில் சுற்றி, ஆட்டோ பிடித்து, குற்றாலத்தில் இருந்த தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா வாசலில் நின்று என்னையும் சாக்கையும் பார்த்தாள். மறுநாள் வந்திறங்கியதாக அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அது மறுநாள் முடிகிற வேலை இல்லை என்பது கையை வைத்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று நாள். எலுமிச்சம்பழம், கல்லுப்பு, செங்கல் துண்டு, கஞ்சி, எல்லாம் அவள் செய்து நான் பார்த்த வரிசையில்தான் செய்தேன். ஆனால் வெளியே விடாத சாரல். கழுவித் துணியை எடுக்கத் திரும்புவதற்குள் திரும்பவும் மஞ்சள் பூத்தது. ஈரம் முழுக்கப் போகாமலே எண்ணெய் தடவினேன், அடியில் துரு அப்படியே நின்றது. பயத்தில் எண்ணெயை அதிகம் தடவினேன், தார் மாதிரி பிசுபிசுத்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். நகக் கண்ணெல்லாம் சிவப்பு. இரண்டு விரலில் தோல் வழன்றுவிட்டது.

மூன்றாவது நாள் காலையில் அம்மா மினிபஸ் பிடித்து வந்தாள். பின்கட்டில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள்.

"விடுட்டி. அவளுக்கு எல்லாம் தெரியும்."

"எது?"

"கல்லு பரண்ல கெடக்குதது. நீ கோயம்புத்தூர் போன மூணாம் நாளே தெரியும். கல்யாணச் சமையலுக்கு எறக்குன பாத்திரத்தை எல்லாம் திரும்பப் பரண்ல ஏத்த அவதான வந்தா. துணி மூட்டையைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் பகீர்னு இருந்துச்சு. அடுத்த சாரலுக்கு முன்னால வந்து நின்னா. மதினி, ஏணியை எடுங்க, ஓதம் ஏறும், எண்ணெய் காட்டிட்டுப் போறேன்னா. வருசா வருசம் வருவா. துடைப்பா, எண்ணெய் தடவுவா, புதுப் பேப்பர் சுத்தி வச்சிட்டு இறங்கிருவா. ரெண்டு வருசமாத்தான் அவளால ஏற முடியல. நான்தான் நனையாம இருக்கட்டும்னு பாலிதீன் கவர்ல கட்டினேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"அவதான் சொல்லப்பிடாதுன்னா. பிள்ளைக்குக் கூச்சமாப் போயிரும்னா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. பேப்பர் மாதிரி வருது என்று சொன்னது, மாமியார் கதை, மகள் கதை, அந்தப் படம், ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் "அப்படியா, நல்லது பிள்ள" என்று சொன்ன குரலும் வந்தது. பரணிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துவிட்டு, எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள், கல்லு எப்படி இருக்கு என்று. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, கோயம்புத்தூரிலிருந்து கொண்டாருவியா என்றும் கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் கல்லோடும் மாவோடும் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் ஒரு துணி மூட்டை மாதிரி கிடந்தாள். கை மட்டும் அதே கை, அகலமாக, விரல் நுனியெல்லாம் கறுத்து.

"கொண்டாந்துட்டியா? இங்கன காட்டு."

கட்டில் விளிம்பில் கல்லைப் பிடித்தேன். விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நான் எவ்வளவு தேய்த்தும் போகாத இடம் அது. பிறகு விரல் நகர்ந்தது.

"கோயம்புத்தூர்த் தண்ணி நல்ல தண்ணிதான். கல்லு அப்படியே இருக்கு" என்றாள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். கல் காய்ந்ததும் வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, மாவை ஊற்றினேன். "அக்கா, அந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தேன்.

"தோசையைத் திருப்பு. கருகுது பாரு."

திருப்பினேன். ஓரத்தில் அந்தப் பழுப்பு நிறம். பார்த்ததும் கை தானாகத் தோசையை எடுத்து ஒரு இலைத் துண்டில் ஒதுக்கி வைத்தது. அடுத்த கரண்டி மாவை எடுத்தேன்.

"அதை ஏன் ஒதுக்குத? கொண்டா."

"முதல் தோசைக்கா. காக்காய்க்கு..." என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. தினமும் தோசை ஊற்றுகிற கல்லில் காக்காய்க்குப் போகிற தோசை ஏது? துரு எடுத்த கல்லுக்குத்தான் அது உண்டு. மூன்று நாள் மறைத்ததை நானே என் வாயால் கொட்டிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பதினாலு வருடமாகக் கேட்ட அதே குரலில், "கல்லு எப்படிட்டி இருந்துச்சு?" என்றாள்.

"துருப்பிடிச்சிருந்துச்சுக்கா" என்றேன். "நிறைய."

"ம்."

அடுத்து ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அம்மா சொன்ன பாதிக் காரணம், சொல்லாத பாதிக் காரணம், என் ரவிக்கை, என் அலட்சியம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கேளுங்கக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"அந்தத் தோசையைக் குடு. எனக்கு அதான் வேணும்" என்றாள்.

பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. துரு வாடை அடித்திருக்கும். மனுசன் திங்கிற தோசை இல்லை என்று என் கையைத் தட்டிவிட்டவள், கண்ணை மூடி மென்று முழுங்கினாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, சிவந்த நகங்களையும் வழன்ற தோலையும் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினாள். நான் எடுத்துக் கொடுத்ததும், இரண்டு விரலால் தொட்டு என் விரல்களில் ஒவ்வொன்றாகத் தடவினாள். தடவிவிட்டுத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தும் விட்டாள்.

அந்தச் சாரல் முடிவதற்குள் போய்விட்டாள்.

கல் இப்போது என் அடுப்பில்தான் இருக்கிறது. தினமும் ஊற்றுகிறேன், தினமும் துடைக்கிறேன். இப்போதுதான் பேப்பர் மாதிரி வருகிறது. இந்த வருடம் முதல் சாரல் விழுந்த அன்று அம்மா போன் பண்ணி, மழை, பஸ், தம்பி மகளின் காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னாள், கல்லைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நான் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா புருஷன் செங்கோட்டை பஸ்ஸில் எப்படிப் போயிருப்பார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவராலும் லேசாகப் போயிருக்க முடியாது. அவள் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. சொல்லாததை நான்தான் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.